மானுவார் யார்டில் கயிறு பிடித்தவர்

அப்பாவு ஒருநாளும் கடலின் அடித்தரையைப் பார்த்ததில்லை. ஆனால் ஆண்டுக்கணக்காக அவருக்குச் சோறு போட்டது அந்த அடித்தரைதான். அங்கே இறங்கி வேலை செய்தவன் வேறொருத்தன். இறங்கியவனின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகின் மேல் நின்று பிடித்துக்கொண்டிருப்பது அப்பாவுவின் வேலை. யார்டுக் கணக்கில் அவர் மற்றவர்களைப் போல வெறும் கலாசி, படகுக் கூலியாள். கயிறு பிடிப்பது என்று தனியாக ஒரு உத்தியோகம் அங்கே கிடையாது.

ராயபுரத்துக் கரையில் இருந்த அந்த இடத்துக்கு மானுவார் யார்டு என்று பேர். போர்க் கப்பலை அந்தக் காலத்து ஜனங்கள் மானுவார் என்பார்கள். கும்பினி நாளில் மானுவார்களின் படகுகளையும் நங்கூரச் சங்கிலிகளையும் அங்கே பழுதுபார்த்தார்களாம். அப்பாவு வேலைக்குச் சேர்ந்தபோது பேர் மட்டும் மிச்சமிருந்தது. ஒரு கொல்லுப் பட்டறை, கயிறும் பாயும் வைக்கிற கிடங்கு, படகுகளை இழுத்து ஏற்றும் சரிவு, எந்நேரமும் கொதிக்கிற தார்க் கொப்பரை. துறைமுகத்து மிதவைகளைக் கரையேற்றி, ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, தார் பூசித் திரும்பக் கடலில் விடுவார்கள். அவ்வளவுதான்.

அப்பாவு செம்படவர் வீட்டுப் பிள்ளை. கட்டுமரத்தில் போக வேண்டியவர் யார்டுக்குப் போனதற்குக் காரணம் அந்தத் துறைமுகமேதான். கல்லைக் கொட்டித் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பியதும், அதற்கு வடக்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. அவருடைய தகப்பனார் மரம் ஏற்றிவைக்கிற மணல் மேடு அவர் கண்ணெதிரே கரைந்து போயிற்று. குப்பத்துக் குடிசைகள் மேற்கே நகர்ந்தன, மறுபடியும் நகர்ந்தன, கடைசியில் கல்மண்டபத்துத் தெரு வந்து முதுகில் முட்டியது.

"கடலே நம்ம வூட்டாண்ட வந்துகினு கீது. நாம வேற எதுக்குக் கடலுக்குப் போவணும்?" என்று ஆண்பிள்ளைகள் கசப்பாகச் சிரித்துக்கொண்டே துறைமுகத்துக்கும் யார்டுக்கும் வேலை கேட்டுப் போனார்கள்.

பதினான்காம் வருஷத்துச் சண்டையில் ஜெர்மன்காரனுடைய கப்பல் பட்டணத்தின்மேல் குண்டு போட்டுவிட்டுப் போன பிறகு யார்டுக்குத் திடீரென்று மவுசு வந்தது. காவல் படகுகள் வந்து நின்றன. அவற்றோடு கூட, பெரிய மரப்பெட்டிகளில் முக்குளிக்கும் சாமான்களும் வந்து இறங்கின. அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு செம்புத் தலைக்கூடு, அதில் கண்ணாடி பதித்த ஜன்னல்கள். ரப்பர் கொடுத்துத் தைத்த கித்தான் உடுப்பு. ஈயத்தில் செய்த பாதக்குறடு. மார்பிலும் முதுகிலும் தொங்கவிட ஈயக் கட்டிகள். கீழே இருப்பவனுக்குக் குழாய் வழியாகக் காற்றுத் தள்ள, இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஒரு பம்பு. அதைச் சுற்ற ஆட்கள் வேண்டும். இதையெல்லாம் கற்றுக்கொடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்து, இறங்குவதற்கு யார் தயார் என்று கேட்டார். ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நான் போறேன்" என்று முன்னால் வந்தவன் மண்ணாங்கட்டி.

அவனுக்கு முன்னே பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. எமன் இதையாவது ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாமல் போகட்டும் என்று பெற்றவள் வைத்த பேர் அது. பேருக்கு ஏற்றபடியே அவனுக்கும் சாவு பயம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. வாய் ஓயாது. எதைச் சொன்னாலும் நாலு பேர் சிரிப்பார்கள். அப்பாவுவின் தங்கை பூவம்மாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்து அப்போது இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிறந்த ஒரு குழந்தையும் அம்மை கண்டு போய்விட்டது.

கயிற்றை யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தபோது, படகுக்குத் தலைவராக இருந்த மஸ்தான் சாரங்கு வெள்ளைக்காரரை இடைமறித்தார். தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளிக்கிற இடத்தில் வேலை பார்த்தவர் அவர்.

"அங்க நான் பாத்துகீறேன். கவுத்த மச்சான் கையிலதான் குடுப்பான். கூடப் பொறந்த தம்பிகிட்ட குடுக்க மாட்டான். அண்ணன் செத்தா தம்பிக்குப் பங்கு வரும். மச்சானுக்கு இன்னா வரும்? தங்கச்சி தாலி அறுந்து வூட்டுக்கு வரும். அத்தால அவன் கண்ணு அசராம பாத்துக்குவான்."

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழியைக் கூட்டத்தில் யாரோ எடுத்துவிட்டார்கள். எல்லோரும் அப்பாவுவைப் பார்த்தார்கள். அவர் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

கயிற்றில் பேசுவதற்குச் சில அடையாளங்கள் இருந்தன. மேலேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் ‘நலமா’ என்று கேள்வி. கீழேயிருந்து ஒரு சுண்டு வந்தால் ‘நலம்’. நாலு வந்தால் ‘தூக்கு’. மற்ற எல்லாவற்றையும் அப்பாவு தானாகவே கற்றுக்கொண்டார். கீழே இருப்பவன் நடக்கிறானா, குனிகிறானா, சுத்தியல் போடுகிறானா, சும்மா நின்று எதையாவது வேடிக்கை பார்க்கிறானா என்பதெல்லாம் அவர் உள்ளங்கைக்கு எட்டியது. வேலை நடக்கும்போது அவர் யாரிடமும் பேச மாட்டார். வெற்றிலைகூடப் போடுவதில்லை.

மத்தியானம் படகிலேயே சாப்பாடு. மண்ணாங்கட்டி ஈரத் தலையோடு உட்கார்ந்து, கீழே பார்த்ததையெல்லாம் மச்சானுக்கு அளப்பான்.

"சேறுன்னு நெனச்சுகினு கீறியா? சேறு இல்ல மச்சான், களி. கால வச்சா அப்பிடியே வாங்கிக்கினு வுடமாட்டேங்குது. பழைய பாலத்தாண்ட ஒரு பீரங்கி வுழுந்து கீது. அதும் வாயில ஒரு விலாங்கு குடும்பம் நடத்துது. அப்பால, அந்தாண்ட ஒரு நாற்காலி கீது, கேளேன். கவுந்து கெடக்கல. நேரா நிக்குது! எவனோ ஆபீசர் வந்து குந்தப்போறான்ற மாரி."

"சும்மா கத வுடாத மாப்ள."

"ஆத்தா மேல ஆணை மச்சான். நானே கொஞ்ச நேரம் குந்திகினு வந்தேன்."

அது உண்மைதான். அன்றைக்குக் கயிறு வெகுநேரம் ஆடாமல் இருந்ததை அப்பாவு கவனித்திருந்தார். இப்படிக் கேட்டுக் கேட்டே துறைமுகத்தின் அடித்தரை முழுவதும் அவர் மனத்தில் தெருத் தெருவாகப் படிந்து போயிற்று. சண்டை முடிந்து காவல் படகுகள் போய்விட்டன. முக்குளிக்கும் சாமான் மட்டும் யார்டிலேயே தங்கியது. துறைமுகத்தில் நங்கூரம் சிக்கினாலும், கப்பலைத் தள்ளும் விசிறியில் கயிறு சுற்றினாலும் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள்.

பிறகு ஒரு வருஷம் எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு நீராவிப் படகு மணல் திட்டில் மோதி முங்கியது. அதைக் கிளப்பச் சாரங்கின் ஆட்கள் போனபோது அப்பாவு விஷக் காய்ச்சலில் கிடந்தார். மண்ணாங்கட்டி வேறொருவன் கயிற்றில் இறங்கி, மாதக்கணக்கில் அங்கேயே தங்கி வேலை பார்த்தான். திரும்பி வந்தபோது கூடவே கன்னியம்மாவும் வந்தாள். எண்ணூர்க் குப்பத்துப் பெண். முழுகாமல் இருந்தாள்.

பூவம்மா அப்போது குடிசை வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடை தூக்கி மீன் விற்பது அவள் தொழில். வந்தவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"உள்ள வா. சோறு கீது" என்று அந்தப் பெண்ணை உட்காரவைத்துப் போட்டாள். அவள் சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தன் கூடையையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"அவ மேல எனக்குக் கோவம் இல்ல அண்ணாத்தே. இவன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும். ஊரெல்லாம் வாய் பேசுறவனுக்கு, என்கிட்ட மட்டும் வாய் வர்ல."

ஊர்ப் பஞ்சாயத்து கோயில் முன்னால் கூடியது. இரண்டு பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருக்கலாமே என்று பெரியதனக்காரர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். பூவம்மா தீர்த்துவிடச் சொன்னாள். கல்யாணத்தை முறிக்கிற குப்பத்து வழக்கப்படி புருஷன் ஒரு துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போட வேண்டும். துரும்பு கையில் வந்ததும் மண்ணாங்கட்டிக்குக் கை ஓடவில்லை. அதை விரலில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றான்.

"சீக்கிரம் கிள்ளு. மீன் வெயில்ல கீது" என்றாள் பூவம்மா.

கிள்ளினான். கூட்டம் கலைந்தது. அப்பாவு ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் யார்டில் ஆட்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். கயிறு இனி யார் கையில் என்பதுதான் பேச்சு. துரும்பு கிள்ளியாகிவிட்டது, காப்பாற்றத் தங்கையின் தாலி இல்லை. போதாததற்குப் பகை வேறு. சரிவில் கட்டிய படகில் ஏறும்போது மண்ணாங்கட்டி அப்பாவுவைப் பார்க்காமல் சாரங்கிடம் சொன்னான்:

"சாரங்கே, கவுத்துக்கு எத்திராஜைப் போட்டுக்கலாம். சேர்த்துக்கச் சொல்லி ஆபீஸ்ல கேட்டுகினு வந்துட்டேன்."

எத்திராஜ் என்பவர் கன்னியம்மாவின் அண்ணன். நாற்பதைத் தொட்ட ஆள், எண்ணூர்க் கடலில் பேர் பெற்ற வலைக்காரர். தங்கைக்காகக் கட்டுமரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்றால் இப்போது மச்சான் அவர்தான். சாரங்கு தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு அப்பாவுவைப் பம்புச் சக்கரத்துக்குப் போகச் சொன்னார்.

அப்பாவு போனார். மண்ணாங்கட்டி பயந்தானா, வெட்கப்பட்டானா என்று அவருக்குப் புரியவில்லை. எப்படியிருந்தாலும், நாலு பேர் முன்னால் கொலைகாரன் என்று சொன்ன மாதிரி அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி கோவிந்தம்மாவிடம் சொன்னார்.

"நான் அவன கொன்னுடுவேன்னு நெனைக்கிறான்."

கோவிந்தம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். "அவன் நெனச்சா இன்னா தப்பு? நீ நெனைக்கலயா?"

அப்பாவு எழுந்து வெளியே போனார். பஞ்சாயத்து நடந்த அன்று, துரும்பு கீழே விழுந்தபோது, அவர் அதை நினைத்துத்தான் இருந்தார். காற்றுக் குழாயின்மேல் ஒரு கால். அவ்வளவு போதும். நினைத்தவுடனே காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். ஆனாலும் நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

எத்திராஜ் நல்ல மனுஷர். பம்புக்கும் கயிற்றுக்கும் இடையில் நாலு எட்டு தூரம்தான் என்பதால் தினமும் அப்பாவுவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் கயிற்றை எடுப்பார். அப்பாவுவும் தலையை ஆட்டுவார். சில மாதங்கள் அப்படியே ஒழுங்காக நடந்தது.

ஐப்பசியில் புயல் அடித்தது. துறைமுகத்துக்குள்ளேயே தண்டவாள இரும்பு ஏற்றி நின்ற ஒரு சரக்குப் படகு, பெரிய கட்டைப்படகு, அலையில் சாய்ந்து முங்கிப் போயிற்று. கப்பல் வரும் வழியை அது அடைத்துக்கொண்டிருந்ததால் உடனே கிளப்ப வேண்டும். புயல் ஓய்ந்த இரண்டாம் நாள் காலை சாரங்கின் படகு அதன்மேல் போய் நின்றது. தண்ணீர் காவி கரைத்த மாதிரி இருந்தது. கூவத்தின் குப்பையெல்லாம் வந்து மிதந்தது.

"இம்மாம் கலீஜ்ல ஒண்ணும் தெரியாது. தடவிகினுதான் போவணும்" என்றான் மண்ணாங்கட்டி. தலைக்கூட்டை மாட்டித் திருகினார்கள். அவன் இறங்கினான்.

முங்கிய படகின் வயிற்றுக்குள் புகுந்து, மறுபக்கம் சங்கிலி கோக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும். அப்பாவு சக்கரம் சுற்றிக்கொண்டே தண்ணீரின் மேல் வரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு கையில் இல்லாத நாட்களில் அவருக்கு அந்தக் குமிழிகள்தான் தகவல் சொல்லும். குமிழிகள் மெல்ல நகர்ந்தன. ஒரு இடத்தில் நின்றன. அப்புறம் நகரவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தன. அதே நேரத்தில் சக்கரம் அவர் கையில் கெட்டியாயிற்று. காற்று போக மாட்டேன் என்கிறது.

எத்திராஜுக்கும் ஏதோ தெரிந்துவிட்டது. கயிறு கனத்தது. அவர் கேள்வி கேட்டுச் சுண்டினார், பதில் வரவில்லை. உடனே காலை ஊன்றிக்கொண்டு இழுக்கத் தொடங்கினார். இழுக்க இழுக்கக் கயிறு விறைத்தது.

"இழுக்காத!" என்று கத்தினார் அப்பாவு. "எத்திராஜு, இழுக்காத! வுட்டுக் குடு!"

எத்திராஜின் காதில் அது விழவில்லை. பக்கத்தில் இருந்தவனையும் துணைக்கு அழைத்து இரண்டு பேருமாக இழுத்தார்கள். அப்பாவுவால் சக்கரத்தை விட முடியாது. அவர் விட்டால் இப்போது போகிற அந்தக் கொஞ்சம் காற்றும் நின்று போகும். சாரங்கு இதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து அவர் பிடித்திருந்த கைப்பிடியைத் தான் பிடித்துக்கொண்டார். "போ!" என்றார்.

அப்பாவு பாய்ந்துபோய்க் கயிற்றைப் பற்றினார். எத்திராஜ் விடவில்லை.

"என் தங்கச்சி புருசன்யா!"

"தெரியும். கவுத்த வுடு."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, எத்திராஜின் விரல்கள் தாமாகவே அவிழ்ந்தன. அப்பாவு முதலில் செய்த காரியத்தைப் பார்த்துப் படகில் இருந்தவர்கள் ‘ஐயோ’ என்றார்கள். அவர் கயிற்றை முழம் முழமாகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். காற்றுக் குழாயையும் சேர்த்து விடச் சொன்னார். விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

படகின் வயிற்றுக்குள் ஏதோ முறிந்த உத்திரத்தைச் சுற்றிக்கொண்டு அவன் போயிருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. மேலேயிருந்து இழுத்தால் கயிறும் குழாயும் உத்திரத்தில் நெரியும். இளக்கிக் கொடுத்தால் வந்த வழியே திரும்பலாம். திரும்புகிற அளவுக்கு அவனுக்கு நினைவு இருந்தால். யாரோ பின்னாலிருந்து, "பழி தீர்த்துக்கிறான்டா" என்று முனகியது அவருக்குக் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சுண்டு சுண்டினார். ஒன்றுமில்லை. காத்திருந்தார். மறுபடியும் சுண்டினார்.

கயிறு லேசாக நடுங்கியது. அது நீரோட்டமாகவும் இருக்கலாம். பிறகு நடுக்கம் ஒரு பக்கமாகப் போயிற்று. மனுஷன் பின்னால் தவழ்ந்தால்தான் அப்படி வரும். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த சாரங்கு, "காத்து போவுது! போவுது!" என்று கத்தினார். குமிழிகள் ஒரு கொத்தாக மேலே வந்து வெடித்தன. அப்பாவு, தளர்ந்த கயிற்றை மட்டும் மெல்ல மெல்லச் சேர்த்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து நாலு சுண்டு வந்தது. குழந்தை இழுத்த மாதிரி இருந்தது.

தலைக்கூட்டைக் கழற்றியபோது மண்ணாங்கட்டியின் மூக்கிலும் காதிலும் ரத்தம். முகம் கறுத்திருந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, சாரங்கைப் பார்த்துக் கேட்டான்.

"கவுத்துல யாரு இருந்தது?"

"தெரிஞ்சுகினே கேக்கிறே" என்றார் சாரங்கு.

அவன் திரும்பிப் பார்த்தான். அப்பாவு முதுகைக் காட்டிக்கொண்டு, கயிற்றில் ஒட்டியிருந்த களியை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

எத்திராஜ் படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கரையில் இறங்கும்போது அப்பாவுவின் பக்கத்தில் வந்து, "எனக்கு வலை கனத்தா இழுக்கத்தான் தெரியும். வுட்டுக் குடுக்கத் தெரியல" என்றார். அப்பாவு அவர் தோளைத் தட்டினார். அடுத்த வாரமே எத்திராஜ் எண்ணூருக்குத் தன் கட்டுமரத்துக்குத் திரும்பிப் போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

சாரங்கு அப்பாவுவைத் திரும்பக் கயிற்றுக்கு வரச் சொன்னார். மண்ணாங்கட்டிதான் கேட்கச் சொன்னான் என்பதை அவர் மறைக்கவில்லை. இனிமேல் அந்த ஆளுக்குக் கயிறு பிடித்தால் தங்கையை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகுமோ என்று அப்பாவுவுக்கு உறுத்தியது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் காலையில் பூவம்மா சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சும்மாட்டுத் துணியை முறுக்கிக்கொண்டே அண்ணன் சொன்னதைக் கேட்டாள்.

"இத்தினி வருசம் என் தாலிக்காகத்தான் புடிச்சியா?"

அப்பாவு யோசித்தார். கயிறு கையில் இருக்கும்போது தங்கையை அவர் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. கயிற்றைத்தான் நினைத்தார். அது ஒரு குற்றம் போலக்கூட அவருக்குத் தோன்றியது.

"இல்ல" என்றார்.

"அப்பால என்ன எதுக்குக் கேக்குற?"

"ஊரு பேசும்."

"பேசுறவங்கள மீன் வாங்க வர்றப்போ என்கிட்டயே பேசச் சொல்லு." கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நாலடி போனவள் நின்றாள். "அவன் நாளைக்கு அங்க செத்தா, கடலால செத்தான்னு இருக்கணும். ஒன் கையால செத்தான்னு இருக்கக்கூடாது. அத்த மட்டும் பாத்துக்க."

அப்பாவு கயிற்றுக்குத் திரும்பினார். யார்டு மூடுகிறவரைக்கும் அவர்தான் பிடித்தார். ஆனால் இரண்டு பேருக்கும் நேர்ப் பேச்சு வரவே இல்லை. படகில் சாரங்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பேஜாராகத் தலையில் அடித்துக்கொள்வார். "கெழக்கால நீரோட்டம் கீதுன்னு அவன்கிட்ட சொல்லு சாரங்கே" என்பார் அப்பாவு. "கேட்டுகினுதான் கீறேன்னு சொல்லு" என்பான் மண்ணாங்கட்டி. கயிற்றில் மட்டும் கேள்வியும் பதிலும் முன்போலவே போய்வந்தன. மத்தியானக் கதைகள் நின்றுபோயின. எப்போதோ ஒருநாள் மண்ணாங்கட்டி சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், "அந்த நாற்காலி சாஞ்சுடுச்சு" என்றான். அப்பாவு காதில் வாங்கிக்கொண்டார்.

மண்ணாங்கட்டியின் முழங்கால்கள் கெட்டுப்போயின. ஆழத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருகிற வாதம் அது. படகில் ஏறும்போதே அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏறுவான். தண்ணீருக்குள் போனால்தான் அவனுக்கு வலி விடுமாம். அப்படிச் சாரங்கிடம் சொல்லுவான், அப்பாவுவுக்கும் கேட்கும்.

முப்பதுகளின் தொடக்கத்தில் யார்டை மூடினார்கள். துறைமுகத்துக்குள்ளேயே புதுப் பட்டறை வந்துவிட்டது. பழைய இடம் எதற்கு என்று மேலே முடிவாகியிருந்தது. கொல்லுப் பட்டறைத் துருத்தி ஏலத்தில் போயிற்று. செம்புத் தலைக்கூட்டையும் உடுப்பையும் வைக்கோல் அடைத்துப் பெட்டியில் வைத்துக் கப்பலேற்றினார்கள். திருக்கோணமலைக்குப் போகிறது என்று சிலர், ரங்கூனுக்கு என்று சிலர். இளம் ஆட்களைத் துறைமுகத்தில் எடுத்துக்கொண்டார்கள். மஸ்தான் சாரங்கு நாகூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். மண்ணாங்கட்டி எண்ணூருக்குப் போனான். அப்பாவுவுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு மரக்கிடங்கில் பர்மாத் தேக்கை அடுக்கிவைக்கிற வேலை கிடைத்தது. வேலையில் குறை ஒன்றும் இல்லை. மரம் ஆடாமல் கிடந்தது. அதற்குப் பழகத்தான் முதலில் கொஞ்ச நாள் பிடித்தது.

இரண்டு மழைக்காலம் கழித்து எத்திராஜ் கிடங்கு வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது.

"மாப்ள போய்ட்டான்" என்றார். "கடல்ல இல்ல, கட்டில்மேலயே. காச்சல்."

அப்பாவு அவரோடு எண்ணூருக்குப் போனார். சுடுகாட்டில் வாய்க்கரிசி போடும்போது, பங்காளிகளில் ஒருவர் இவர் என்ன முறை என்று கேட்டார். அப்பாவு எத்திராஜைப் பார்த்தார். "கூட வேலை செஞ்சவரு" என்று எத்திராஜ் சொன்னார். அரிசியைப் போட்டுவிட்டு அப்பாவு கடலோரமாகவே திருவொற்றியூர் வழியாக நடந்து வந்தார். வழியில் ஓரிடத்தில் உட்கார்ந்து அழுதார்.

பூவம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். அண்ணன் சொன்னதைக் கேட்டதும் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள்.

"புள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணு, ஒரு புள்ள."

"வயித்துக்கு?"

"எத்திராஜ் கீறாரு."

"அவருக்கே ஒரு குடும்பம் கீது" என்றாள். மீதி மீனையும் அரிந்து முடித்தாள். அவள் தலை முழுகவில்லை. அது எப்போதோ முடிந்த காரியம் என்று அக்கம்பக்கத்தாரிடம் சொன்னாளாம்.

காரியம் எல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் கன்னியம்மா மீன் கூடையோடு தண்டையார்பேட்டைக்கு வந்தாள். எண்ணூரில் விலை இல்லை. புது ஆளை அங்கே இருந்த மீன்காரிகள் உள்ளே விடவில்லை. கூடையைக் கீழே தள்ளிவிட்டார்கள். சத்தம் கேட்டுப் பூவம்மா வந்தாள். சிதறிய மீனை இரண்டு பேருமாகப் பொறுக்கினார்கள். பூவம்மா எழுந்து மற்றவர்களைப் பார்த்து, "கோயிலுக்கு மேற்கால தெரு ரெண்டும் என்னுது. அத்த இவளுக்குக் குடுத்துட்டேன். எவளாச்சும் கேக்கணும்னா என்ன கேளுங்க" என்றாள். கன்னியம்மாவிடம், "கணேசன் செட்டியார் வூட்ல கடன் சொல்வாங்க. குடுக்காத" என்றாள்.

அதற்கப்புறம் காலை வேளைகளில் இரண்டு கூடைகளும் மரக்கிடங்கைத் தாண்டிப் போகும். முன்னே ஒன்று, கொஞ்சம் பின்னே ஒன்று. சேர்ந்து போவதில்லை. கிடங்கு வாசலில் பூவம்மா நின்று அண்ணனுக்கு இரண்டு மீனைப் போட்டுவிட்டுப் போவாள். கன்னியம்மா நிற்க மாட்டாள். போகிற போக்கில் அப்பாவுவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைப்பாள். அப்பாவுவும் அசைத்துவிட்டு மரத்தைப் புரட்டப் போவார்.